சிவக்கொழுந்தைத் திருத்த வேண்டாம்

சாவகச்சேரி
9 மார்ச் 1986

மியூரியலுக்கு,

நேற்றுப் பின்னேரம் எங்கள் பிள்ளைப்பேற்று வார்ட்டில் தேநீர் நேரம். என்னோடு தாதியாக இருக்கிற நல்லம்மா மிஸி 'செவ்வந்தி' இதழை விரித்து வைத்துக்கொண்டு, உன்னுடைய தொடர்கதையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். நான் ஊசிகளை அவியப் போட்டுவிட்டுக் காது கொடுத்தேன். தங்கச்சி எழுதியதை ஊர் வாசிக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை இரண்டு பக்கத்துக்குத்தான் நின்றது.

சிவக்கொழுந்து என்று ஒருத்தி. தென்னை மாதிரி உயரம். ஆம்பிளைச் செருப்புத்தான் கொள்ளும் என்கிற கால். அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கிற குரல். எங்கே போனாலும் பிந்தித்தான் போவாள். மற்றப் பெண்களுக்குத் துக்கம் வந்தால் சாப்பாடு இறங்காது. இவளுக்குப் பசி வரும். கடைசியில், தாலிக்குப் பொன் உருக்குகிற நாளன்று, மாப்பிள்ளை வீட்டுக்குச் சைக்கிளில் போய் இறங்கி, தட்டாரைப் பார்த்து, "நெருப்பை அணையுங்கோ, எனக்கு உந்தக் கலியாணம் வேண்டாம்" என்கிறாள்.

சமயத்தை மாற்றி, தேவாலயத்தை வீடாக்கி, ஒரு பழைய பெயரையும் வைத்துவிட்டால் என்னை எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? பன்னிரண்டு வருடத்துக்கு முன் தெல்லிப்பழையில் போதகர் எனக்கும் எட்வேர்ட்டுக்கும் கலியாண அறிவித்தல் வாசித்து, "ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்" என்றபோது எழுந்து நின்றவள் நான். நீ பக்கத்தில் இருந்தாய். என் சேலையைப் பிடித்து இழுத்ததும் நீதான்.

நல்லம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அது நான் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிய வந்தால் நான் எப்படி முகம் கொடுப்பது? அடுத்த இதழோடு நிறுத்து. நிறுத்தும்வரை இங்கே வர வேண்டாம்.

ஐரிஸ்

*

தெல்லிப்பழை
18 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

சிவக்கொழுந்து நீங்கள் இல்லை என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். ஓம், நீங்கள்தான். கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். கேட்டால் மறுத்திருப்பீர்கள்.

நான் இதற்கு முதல் ஏழு கதை எழுதினேன். ஒன்றின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? இராது. எனக்கே இரண்டு மறந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒருத்திதான். சிவப்பாக இருப்பாள், அளவாகக் கதைப்பாள், நன்றாகப் பாடுவாள். மாமியார் ஏசினால் கண்ணை முந்தானையில் ஒற்றிக்கொண்டு பிட்டு அவிப்பாள். போன வருடம் ஒரு கையெழுத்துப் பிரதியை இவர் வாசித்துவிட்டு, "இவ போன கதையிலையும் வந்தவ எல்லோ?" என்று கேட்டார். என் கணவர் கனகரட்ணம் பகிடிக்குச் சொல்கிற ஆள் இல்லை; உண்மையிலேயே கேட்டார்.

அந்தக் கதைகளுக்கு வரும் கடிதங்களில் நாயகி என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்பார்கள். இப்போது வருகிற கடிதங்கள் வேறு மாதிரி. மயிலிட்டியிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "என்ரை குரலும் உப்பிடித்தான் ரீச்சர். கரையிலை நிண்டு கூப்பிட்டால் வள்ளத்திலை நிக்கிற ஐயாவுக்குக் கேக்கும். பொம்பிளைப் பிள்ளை கத்தக்கூடாது எண்டு வீட்டிலை ஒரே பேச்சு. சிவக்கொழுந்தை ஆரும் விரும்பிக் கட்டுவினமோ, இல்லையோ? அதை மட்டும் முதலே சொல்லுங்கோ."

இந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா இருந்த காலத்தில், "மியூரியலைப் பாத்துப் படி" என்று உங்களுக்குச் சொல்லாத நாள் இல்லை. அது எனக்கு இனிப்பாக இருந்தது என்று நினைத்தீர்களா? அந்த ஏழு நாயகிகளும் நான்தான், அக்கா. என்னைப் போன்ற ஒருத்தியை யாரும் இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. உங்களைப் போன்றவளுக்காகக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து இதழ் வாங்குகிறார்கள்.

நிறுத்த மாட்டேன். கோபிக்க வேண்டாம்.

அன்புடன்,
மியூரியல்

*

சாவகச்சேரி
13 ஏப்ரல் 1986

மியூரியலுக்கு,

நிறுத்தச் சொன்னேன், நீ நிறுத்தவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

புது இதழில் அவள் வீட்டுக்கு வந்து கிணற்றுக்கட்டில் இருந்து அழுததாக எழுதியிருக்கிறாய். நான் அழவில்லை. கலியாணத்துக்கென்று சுட்டு வைத்த பயிற்றம் பணியாரத்தில் அரைப் பெட்டியை அறைக்குள் இருந்து தின்றேன். அம்மா கதவைத் தட்டத் தட்டத் தின்றேன். நீ சாவித் துவாரத்தால் பார்த்தாய், எனக்குத் தெரியும். துக்கம் வந்தால் பசிக்கும் என்று முதலில் எழுதிவிட்டு, துக்கம் வந்த நேரத்தில் அவளை மற்றப் பெண்களைப் போல அழவைக்கிறாய். பயமா? எழுதுவதென்றால் சரியாக எழுது.

இங்கே அவளைப் பற்றி ஒரே வழக்கு. கொடிகாமத்திலிருந்து வந்த ஒரு தாய், "உவளை என்ரை வீட்டுக்கு எடுக்க மாட்டன்" என்றாள். நல்லம்மா, "உங்கடை மகனை ஆர் கேட்டது?" என்றாள். இரண்டு பேரும் அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

இதை எழுதினேன் என்பதற்காக நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. வரவும் வேண்டாம்.

ஐரிஸ்

*

தெல்லிப்பழை
11 மே 1986

அன்புள்ள அக்கா,

பணியாரத்தை எழுதினேன். கிணற்றுக்கட்டு அழுகை கனவு என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அரைப் பெட்டியைப் பற்றி வந்த கடிதங்களை ஒரு பனையோலைக் கடகத்தில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட ரீச்சர், தான் தின்றது சீனி அரியதரம் என்று எழுதியிருக்கிறா.

இங்கே பலாலி இராணுவ முகாம் பக்கத்திலிருந்து ஷெல் வருகிறது. பள்ளிக்கூடம் பாதி நாள்தான். மிச்ச நேரத்தில்தான் எழுதுகிறேன்.

இப்போது ஒரு சிக்கல். 'செவ்வந்தி' ஆசிரியர் கதிரவேலு யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்தார். கதையில் இப்போது ஒரு நில அளவையாளன் வந்திருக்கிறான் அல்லவா, சிவக்கொழுந்தை விரும்புகிறவன்? அவளை அவனுக்கே கட்டிவைக்கலாம் என்கிறார், ஆனால் ஒரு நிபந்தனை.

"ரீச்சர், கலியாணத்துக்கு முதல் உவளைக் கொஞ்சம் திருத்துங்கோ. ஒரு காய்ச்சல் வரட்டும். படுக்கையிலை கிடந்து யோசிக்கட்டும். எழும்பேக்கை குரல் தணிஞ்சு, பொறுமை வந்து, சமையலும் பழகியிருக்கட்டும்."

"ஏன் திருத்த வேணும்? சனம் இப்பிடியே விரும்புது தானே?"

"பெட்டையள் விரும்புறாளவை. தாய்மார்தான் காசு குடுத்து வாங்குறது. திருந்தாதவளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைச்சால் தாய்மாருக்குப் பிடிக்காது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், காய்ச்சல் அத்தியாயம் எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். கை பழகிய வேலை. என்ன செய்ய, அக்கா?

மியூரியல்

*

சாவகச்சேரி
1 ஜூன் 1986

மியூரியல்,

உன் கேள்விக்குப் பதில் சொல்ல முதல் இங்கே நடந்ததைக் கேள்.

றோஸ்மலர் என்று ஒரு பெண் முதல் பிரசவத்துக்கு வந்தாள். இந்த ஊர்தான். இரத்த அழுத்தம் கூடியிருந்தபடியால் பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நல்ல கலகலப்பு. தலையணைக்குக் கீழே 'செவ்வந்தி' இதழ்கள். "மிஸி, சிவக்கொழுந்து எண்டால் எனக்கு உயிர். கூடப்பிறந்தவள் மாதிரி" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு தலையணை கூடக் கொடுத்தேன்.

பார்வையாளர் நேரத்தில் புருஷன் வந்தார். எட்வேர்ட்.

தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையில் இருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினார். வேறொன்றும் இல்லை. கட்டிலடியில் இருந்து தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். றோஸ்மலர் இதழை எடுத்து, பொன்னுருக்குகிற கட்டத்தை அவருக்கு உரத்து வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, கேளுங்கோ. அந்த மாப்பிள்ளை சபைக்கு முன்னாலை மூக்கைச் சிந்திச் சால்வையிலை துடைக்கிறானாம்! உப்பிடி ஒரு மரமண்டையை ஆர் கட்டுவாள்? அவள் ஓடினது நல்ல வேலை."

பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். எட்வேர்ட் தானும் சிரித்து, ஒரு சுளையை றோஸ்மலரிடம் கொடுத்தார். தோலைக் கடதாசியில் சுற்றினார். தலையை நிமிர்த்தவேயில்லை.

போகும்போது விறாந்தையில் என்னிடம் நின்றார்.

"தங்கச்சி நல்லாய் எழுதுறா."

"மனிசிக்குத் தெரியுமோ?" என்றேன்.

"ஒரு இடத்திலை பேசி முற்றாமல் போனது எண்டு மட்டும் தெரியும். ஐரிஸ், நான் மூக்குச் சிந்தேல்லை."

"தெரியும்."

"நான் ஒண்டும் செய்யேல்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு கந்தோருக்கு வேலைக்குப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் போகவேண்டியிருந்தது."

அவ்வளவுதான் கதைத்தார்.

அடுத்த நாள் றோஸ்மலர் திரும்பவும் 'மரமண்டை' என்று தொடங்கினாள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டிலருகே கதிரையைப் போட்டு, அந்தப் பெண் நான், அந்த மாப்பிள்ளை உம்முடைய மனுஷன் என்று சொன்னேன். அவள் என் காலிலிருந்து முகம்வரை பார்த்தாள். பிறகு, "நீங்கள் இனி என்ரை கட்டிலுக்கு வர வேண்டாம். நல்லம்மா மிஸியை வரச் சொல்லுங்கோ" என்றாள். தலையணைக்குக் கீழே இருந்த இதழ்களைக் கூட்டுகிற மனுஷியிடம் கொடுத்துவிட்டாள். கதையில் வந்த பெண்ணை அவளுக்கு உயிர். எதிரே நிற்கிறவளை அவளால் பார்க்க முடியவில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை.

இப்போது உன் கேள்வி. அன்று ஏன் எழுந்து நின்றேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. முதல் நாள் எங்கள் வீட்டில் எட்வேர்ட்டின் தாயார் போதகரிடம், "கலியாணம் முடியத் திருந்திவிடுவாள்" என்றா. எட்வேர்ட்டும் "ஓம், திருந்திவிடுவா" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். ஆகவே கதிரவேலுவின் காய்ச்சல் வேண்டாம். சிவக்கொழுந்தைத் திருத்த வேண்டாம்.

ஆனால் நீயும் அவளைச் சரியாக எழுதவில்லை. பெரிய கால், பெரிய குரல், பிந்தி வருவது, பசி. இதெல்லாம் குறையா? குழந்தைக்கு நாவூறு படாமல் வைக்கிற கறுத்தப் பொட்டு. வடிவைக் கூட்டத்தான் உதவும். ஒருவருக்கும் நோகாத குறைகளாகப் பார்த்துப் பொறுக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். நோகவேண்டிய இடத்தில் அந்த மனுஷனை மூக்குச் சிந்த வைத்துத் தப்பிவிட்டாய்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று பின்னேரம் முழுக்க இருந்தது. அவர் வீடு அடுத்த ஒழுங்கை. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விடியும்வரை இருந்து, ஊர் முழுக்கப் பார்க்க எழுந்து நின்றேன். கலியாணம் வேண்டாம் என்றது சரி. அவரை அப்படி நிற்கவிட்டது சரியில்லை. இரண்டையும் ஒரே பெண்தான் செய்தாள். அதை எழுத முடியுமென்றால் எழுது. ஏலாதென்றால் கதிரவேலு சொன்னபடி காய்ச்சலைக் கொடு.

ஐரிஸ்

*

தெல்லிப்பழை
29 ஜூன் 1986

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்து கனநாள் பேனையைத் தொடவில்லை. மூக்குச் சிந்துகிற இடத்தை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை.

எழுதிவிட்டேன். மாப்பிள்ளையைக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஆக்கியிருக்கிறேன். கலியாணம் குழம்பிப் பல மாதம் கழித்துச் சிவக்கொழுந்து அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். வரிசையில் நிற்கிறாள். முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கிற சனம் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறது. மனேச்சர் தலை நிமிராமல் நிறுத்துக் கொடுக்கிறான். ஒவ்வொரு நாளும் இந்தப் பார்வைக்கு நடுவில்தான் அவன் நிற்கிறான் என்று அவளுக்கு விளங்குகிறது. அவளுடைய முறை வருகிறது. அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கிற அந்தக் குரல் வரவில்லை. "அரைக்கிலோ சீனி" என்கிறாள். அவன் நிறுத்துச் சுற்றிக் கொடுக்கிறான். அவள் வாங்கிக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை.

கேட்கவைக்கத்தான் முயன்றேன். எழுதிய ஒவ்வொரு வசனமும் என் பழைய நாயகி பேசுவது போல வந்தது. வெட்டிவிட்டேன்.

கதிரவேலு வாசித்துவிட்டு, "ரீச்சர், சனம் உவளை வெறுக்கப் போகுது" என்றார்.

"வெறுக்கட்டும்."

"காய்ச்சலாவது?"

"காய்ச்சல் இல்லை. வேணுமெண்டால் மிச்சத்தை நீங்களே எழுதுங்கோ."

நான் இப்படிக் குரலை உயர்த்திக் கதைப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இவர் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, வேறு யாரோ வந்துவிட்டார்களோ என்று பார்த்தார். கதிரவேலு பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அச்சிடுவாரோ, மாட்டாரோ, தெரியாது.

றோஸ்மலருக்கு எப்படி இருக்கிறது?

மியூரியல்

*

சாவகச்சேரி
27 ஜூலை 1986

மியூரியல்,

அச்சிட்டிருக்கிறார். இங்கே இதழ் பிந்தித்தான் வந்தது, பஸ் ஓடவில்லை.

வார்ட்டில் எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். பிறகு நல்லம்மா இதழை மேசையில் போட்டுவிட்டு, "என்ன உவள்? ஒரு மன்னிப்புக் கேட்டால் வாய் வெந்துபோமோ? நல்லவள் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். அன்று முழுக்கக் கோபம். நோயாளிகளிடம்கூட எரிந்து விழுந்தாள்.

சில நாள் கழித்துத் துணி மடிக்கும்போது தானாகவே தொடங்கினாள். "மிஸி, நான் என்ரை மச்சாளோடை கனகாலமாய்க் கதைக்கிறதில்லை. பிழை என்ரை பக்கம்தான். போன தைப்பொங்கலுக்குச் சொல்லுவம் எண்டு அவவின்ரை படலையடிக்குப் போனனான். அரிசி அரிக்க அரிக்கன்சட்டி இரவல் தாங்கோ எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்." பிறகு, "உந்தக் கதை எழுதுறவவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றாள். நான் துணியை மடித்தேன்.

றோஸ்மலருக்கு ஆண்பிள்ளை. இருவரும் சுகம். அன்று நான் கடமையில் இல்லை. வீட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சொல்லவில்லை. எட்வேர்ட் தூரத்தில் நின்று தலையை அசைத்தார்.

உன் குரல் உயர்ந்ததை நான் பார்க்கவில்லையே என்று இருக்கிறது.

ஐரிஸ்

*

தெல்லிப்பழை
31 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அக்கா,

கதிரவேலு சொன்னது பாதி சரி. வெறுத்து எழுதியவர்கள் நிறையப் பேர். ஒரு தாய், இனி இந்த இதழை வீட்டுக்குள் எடுக்க மாட்டேன் என்று எழுதினா. அடுத்த மாதம் அவவே, சிவக்கொழுந்து பிறகாவது போனாளா என்று விசாரித்து எழுதினா.

மயிலிட்டிப் பெண்ணுக்கும் பதில் போட்டேன். முதலே சொல்ல முடியாது, எனக்கும் தெரியாது என்று எழுதினேன்.

கடைசி அத்தியாயம் கொடுத்தாகிவிட்டது. நில அளவையாளன் அவளைக் கலியாணப் பதிவுக் கந்தோருக்கு வரச் சொல்கிறான். அவள் பிந்தித்தான் போகிறாள். மத்தியானம் திரும்பிவிட்டது. அவன் மரத்துக்குக் கீழே பாணும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு இருக்கிறான். அவள் சீனி வாங்கி வந்த கதையை அவனுக்குச் சொல்கிறாள். "என்னைக் கட்டினால் உமக்கும் ஒருநாள் உப்பிடி நடக்கும்" என்கிறாள். அவன், "எனக்கும் சில கெட்ட புத்தி இருக்கு. அதைக் கேட்டுப்போட்டு உள்ளை வாரும்" என்கிறான். அங்கே முடித்துவிட்டேன். உள்ளே போனார்களா என்று எழுதவில்லை. எனக்குப் போனார்கள் என்றுதான் எண்ணம்.

வீட்டுக்கு மேலால் ஹெலிகொப்டர் திரிகிறது. கிணற்றடி மதிலில் இரண்டு துப்பாக்கிச் சூடு பட்டிருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நான் வரலாமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

மியூரியல்

*

சாவகச்சேரி
21 செப்டெம்பர் 1986

மியூரியல்,

இந்த மாதம் என்னைக் குழந்தைகள் கிளினிக்கில் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை ஊசி போடுகிற நாள். இரண்டு மேசை. மற்ற மேசையில் நல்லம்மா, அங்கே சனம் குறைவு. றோஸ்மலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கண்டும் காணாததுபோல அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நல்லம்மாவின் பக்கம் போகவில்லை. என் மேசைக்கு முன்னால் சனம் இருக்கிற வாங்கில் கடைசி ஆளாக வந்து இருந்தாள்.

முறை வந்ததும் பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

"கடைசிக் கதை வாசிச்சன்" என்றாள்.

"எப்பிடி?"

"அந்தச் சங்கக்கடை மனுசனை அப்பிடியே விட்டிட்டியள். அவருக்கும் ஒரு நல்ல பொம்பிளை கிடைச்சிருப்பாள் எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"தங்கச்சியிட்டைச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ. கொஞ்சம் வாய்க்காரி, ஆனால் நல்லவள் எண்டு எழுதச் சொல்லுங்கோ."

முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. பிறகு, "எனக்கு ஊசி பார்க்கேலாது மிஸி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், மறுபக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நெற்றி எட்வேர்ட்டின் நெற்றி.

"முடிஞ்சுதோ?" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

மருந்தே இன்னும் எடுக்கவில்லை. "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றேன். பிறகுதான் போட்டேன். அவன் வீரிட்டுக் கத்தினான். அவள் ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பொய்க்காரி" என்றாள். "அடுத்ததுக்கும் இஞ்சைதான் வருவன்."

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு ஓய்வு. பஸ் ஓடினால் வா.

ஐரிஸ்